மரபணுவின் இருப்பிடம்: சுண்டெலியும் மனிதனும் காட்டிய வழி

மலேரியாக் காய்ச்சலில் 'வைவாக்ஸ்' என்னும் வகை, நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒன்று. இக்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி, நோயாளியின் கல்லீரலில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உறங்கிக் கிடந்து, பின்னர் மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. இவ்வாறு ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை ஒழிப்பதற்கெனப் பிரைமாகுயின் என்னும் மருந்து 14 நாட்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பெரும்பாலோர்க்கு இம்மருந்து தீங்கு செய்வதில்லை. ஆனால் ஒரு சிலருக்கு மட்டும் சிறுநீர் கருத்துவிடுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றன. சோகையும் மஞ்சள் காமாலையும் தோன்றுகின்றன. சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்கு நலம் பயப்பது இன்னொருவருக்கு நஞ்சாவது ஏன்? 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். பாதிக்கப்பட்டோரின் சிவப்பணுக்களில் 'குளுகோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ்' என்னும் நொதி குறைவாக இருந்தது. சுருக்கமாக இதனை ஜி-6-பி-டி என்பர். சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவினின்று காப்பது இந்நொதியின் பணி. காவல் குறைந்த சிவப்பணுக்கள் பிரைமாகுயினின் தாக்குதலைத் தாங்க இயலாமல் உடைந்து போகின்றன.

இக்குறை பிறவியிலேயே வருவது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவது. அப்படியானால் இந்நொதியை உருவாக்கும் மரபணு எங்கே இருக்கிறது? எந்தக் குரோமோசோமில், எந்தப் பகுதியில்? இக்கேள்வி ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும் உரியது போலத் தோன்றலாம். உண்மையில், கிராமத்துச் சுகாதார நிலையத்தில் யாருக்கு எந்தச் சோதனையைச் செய்வது என்ற கேள்வி வரை இதன் விடை சென்று சேர்கிறது. இவ்விடையை விஞ்ஞானிகள் எவ்வாறு கண்டனர் என்பதையும், அதில் சுண்டெலிக்கு உள்ள பங்கினையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மரபணுவும் நொதியும்

உயிரணுக்களில் நிகழும் வேதியியல் மாற்றங்கள் எல்லாம் நொதிகளின் துணையால் நடைபெறுகின்றன. நொதிகள் பெரும்பாலும் புரதங்களே. ஒவ்வொரு புரதத்தின் அமைப்பும் அதற்குரிய மரபணுவில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே மரபணுவில் மாறுதல் ஏற்பட்டால் நொதியும் மாறுகிறது. அல்லது அது உருவாகாமலே போகிறது.

மரபணுக்கள் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்துள்ளன. மனிதனின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 இணைகள் உள்ளன. இவ்வெண்ணிக்கை சரியாக அறியப்பட்டது 1956-இல்தான் என்பது வியப்புக்குரியது. ஜியோ, லெவான் என்னும் இருவர் அதனை வெளியிட்டனர். சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள், அதாவது 20 இணைகள். ஆண் பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இரண்டு இனங்களிலும் உண்டு. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும்.

ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள இரு மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. இதனைப் பிணைப்பு என்பர். ஆயினும் இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது, இணைக் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இது குறுக்கே கலத்தல் எனப்படும். இரு மரபணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு மிகுதியானால் அவை பிரிவதற்கான வாய்ப்பும் மிகுதி. 100 குட்டிகளில் 10 குட்டிகளில் இரு பண்புகளும் பிரிந்து காணப்பட்டால், அம்மரபணுக்களின் இடைத்தொலைவு 10 அலகு எனக் கணக்கிடுகின்றனர். இவ்வலகிற்குச் சென்டிமார்கன் என்று பெயர். மரபணு வரைபடம் என்பது இத்தகைய அளவுகளைக் கோத்து அமைத்ததே ஆகும்.

சுண்டெலியில் முதற்படி

பாலூட்டிகளில் இத்தகைய பிணைப்பு தொடக்கக் காலத்தில் நிறுவப்பட்டது சுண்டெலியில்தான். ஜே. பி. எஸ். ஹால்டேன், அவருடைய தங்கை நவோமி, நண்பர் ஸ்ப்ரன்ட் ஆகிய மூவரும் 1915-இல் இதனை வெளியிட்டனர். உடல் முழுதும் வெளுத்திருக்கும் பண்பும், கண் இளஞ்சிவப்பாகி மயிரின் நிறம் மங்கும் பண்பும் சேர்ந்தே இறங்குகின்றன என்று அவர்கள் காட்டினர். அவ்வாண்டிலேயே ஸ்ப்ரன்ட் உலகப் போரில் உயிரிழந்தார். ஹால்டேன் பிற்காலத்தில், 1957-இல், இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் புவனேசுவரத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1964-இல் அங்கேயே காலமானார்.

அவர்கள் கண்ட வெளிறல் பண்பு, டைரோசினேஸ் என்னும் நொதியின் குறையால் ஏற்படுவது என்று பின்னாளில் தெளிவாயிற்று. நிறமிப் பொருளை உருவாக்கும் நொதி அது. ஆக, சுண்டெலியின் அந்தத் தொடக்க வரைபடமே ஒரு நொதி மரபணுவைக் கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இம்மரபணு சுண்டெலியின் 7-ஆம் குரோமோசோமில் உள்ளது.

சுண்டெலி இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற விலங்கு. அதன் கருக்காலம் ஏறத்தாழ 3 வாரங்களே. பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. அண்ணன் தங்கை இணையைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டி வளர்த்தால், ஒரே மரபமைப்பு உடைய தூய வழிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் 1929-இல் நிறுவப்பட்ட ஜாக்சன் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வழிகளை வளர்த்துக் காப்பதில் பெயர் பெற்றது. இரு தூய வழிகளைக் கலந்து, அக்கலப்பின் சந்ததிகளை மீண்டும் தூய வழிகளாக்கும் முறையும் 1970-களில் கையாளப்பட்டது. ஒருமுறை இவ்வழிகளை அமைத்துவிட்டால், புதிய மரபணு ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கலப்புச் செய்ய வேண்டியதில்லை. முன்னரே சேர்த்து வைத்த முடிவுகளோடு ஒப்பிட்டாலே போதும்.

நொதியே அடையாளம்

மயிரின் நிறம், வாலின் வளைவு போன்ற கண்ணுக்குத் தெரியும் பண்புகள் எண்ணிக்கையில் குறைவு. நொதிகளோ ஆயிரக்கணக்கானவை. அவற்றையே அடையாளமாகக் கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. 1955-இல் ஆலிவர் ஸ்மித்தீஸ் ஸ்டார்ச்சினால் ஆன கூழ்ப்பலகையில் புரதங்களைப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். கூழின் ஊடே மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் தம் மின்னேற்றத்துக்கும் உருவத்துக்கும் ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. எலக்ட்ரோபோரெசிஸ் என்னும் இம்முறையுடன், 1957-இல் ஹன்டர், மார்க்கெர்ட் ஆகியோர் ஓர் உத்தியைச் சேர்த்தனர். குறிப்பிட்ட நொதி வினைபுரியும் பொருளையும், ஒரு சாயத்தையும் கூழின்மேல் இட்டால், அந்நொதி நின்ற இடத்தில் மட்டும் வண்ணப் பட்டை தோன்றும்.

இதன் சிறப்பு யாதெனில், நொதியின் அமைப்பில் ஓர் அமினோ அமிலம் மாறினாலும், அதனால் மின்னேற்றம் மாறுமானால், பட்டை வேறிடத்தில் விழும். இரு சுண்டெலி வழிகளுக்கு இடையே உள்ள இத்தகைய சிறு வேற்றுமையை, மயிரின் நிறத்தைப் போலவே தலைமுறைதோறும் பின்தொடரலாம். அதைவிட முக்கியமானது, மனிதனின் நொதியும் சுண்டெலியின் நொதியும் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் பட்டையாக விழுகின்றன என்பது. இந்த உண்மையே பின்னர் வந்த பெரும் முன்னேற்றத்துக்கு அடிப்படையாயிற்று.

மனிதனில் இருந்த இடர்ப்பாடு

சுண்டெலியைப் போல மனிதரைக் கலப்புச் செய்ய இயலாது. குடும்ப வரலாறு ஒன்றே துணை. மனிதத் தலைமுறை ஒன்றுக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு. எனினும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்களை மட்டும் எளிதில் இனங்காண முடிந்தது. காரணம், ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதனைத் தாயிடமிருந்தே பெறுகிறான். தந்தை மகனுக்கு எக்ஸைத் தருவதில்லை. ஆகவே தாய்வழி வந்து, ஆண்களிடம் மிகுதியாக வெளிப்படும் குறை, எக்ஸைச் சார்ந்தது என்று துணியலாம். நிறக்குருடு இவ்வாறே 1911-இல் எக்ஸ் குரோமோசோமுக்கு உரியது என்று கண்டறியப்பட்டது. 1937-இல் ஜூலியா பெல் அம்மையாரும் ஹால்டேனும், நிறக்குருடும் இரத்தம் உறையாமை நோயும் பிணைந்து வருவதைக் காட்டினர். 1960-களில் ஜி-6-பி-டி மரபணுவும் இவற்றுக்கு அண்மையில் இருப்பது குடும்ப ஆய்வுகளால் புலனாயிற்று. இம்மூன்றும் எக்ஸின் நீண்ட கையின் நுனிப்பகுதியில் உள்ளன என்பதை இன்று நாம் திட்டமாக அறிவோம்.

ஏனைய 22 குரோமோசோம்களில் எதிலும் 1968 வரை ஒரு மரபணுவைக் கூடக் குறிப்பிட்டு வைக்க இயலவில்லை. அவ்வாண்டில் டஃபி என்னும் இரத்த வகைக்கான மரபணு 1-ஆம் குரோமோசோமில் உள்ளது என்று டானஹ்யூ என்பவர் காட்டினார். தம் குரோமோசோமிலேயே இருந்த ஒரு விந்தையான நீட்சி, தம் குடும்பத்தில் அந்த இரத்த வகையுடன் சேர்ந்து இறங்குவதை அவர் கவனித்ததே இதற்குக் காரணம். ஆனால் இத்தகைய நல்வாய்ப்பு ஒவ்வொரு மரபணுவுக்கும் வாய்ப்பதில்லை அன்றோ?

இரு உயிரணுக்களின் கூட்டு

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1960-இல் பாரிஸ் நகரில் பார்ஸ்கி குழுவினர், வளர்ப்புக் கலங்களில் இரு வகைச் சுண்டெலி உயிரணுக்கள் ஒன்றாக இணைந்து ஒரே உயிரணுவாவதைக் கண்டனர். 1965-இல் ஹாரிஸ், வாட்கின்ஸ் ஆகியோர் செண்டாய் என்னும் வைரஸின் உதவியால் மனித உயிரணுவையும் சுண்டெலி உயிரணுவையும் இணைத்தனர். 1967-இல் மேரி வைஸ் அம்மையாரும் ஹோவர்ட் கிரீனும் இத்தகைய கலப்பு உயிரணுக்களைப் பல தலைமுறைகள் வளர்த்து, ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டனர். கலப்பு உயிரணு பெருகப் பெருக, சுண்டெலியின் குரோமோசோம்கள் நிலைத்து நிற்கின்றன. மனிதக் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போகின்றன. எது உதிரும், எது நிற்கும் என்பது பெரும்பாலும் தற்செயலாகவே அமைகிறது.

குடும்ப வரலாற்றில் காண இயலாத பிரிவினையை இங்கே கண்ணாடிக் கலத்திற்குள் காண முடிந்தது. ஒரு மனிதக் குரோமோசோம் போகும்போது எந்த மனித நொதி மறைகிறது என்று பார்த்தால், அந்நொதியின் மரபணு அந்தக் குரோமோசோமில் உள்ளது என்று முடிவு கட்டலாம் அல்லவா?

கலப்பு உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுக்க, லிட்டில்ஃபீல்டு 1964-இல் பயன்படுத்திய ஊட்டக் கரைசல் கைகொடுத்தது. அதில் ஹைப்போசாந்தின், அமினோப்டெரின், தைமிடின் ஆகிய மூன்றும் உள்ளன. உயிரணு தன் டி.என்.ஏ-வுக்கு வேண்டிய பொருள்களைப் புதிதாகத் தயாரிக்கும் வழியை அமினோப்டெரின் அடைத்துவிடுகிறது. அந்நிலையில் கரைசலில் உள்ள தைமிடினைப் பயன்படுத்தியே உயிரணு பிழைக்க வேண்டும். அதற்குத் தைமிடின் கைனேஸ் என்னும் நொதி தேவை. இந்நொதி இல்லாத சுண்டெலி உயிரணு இக்கரைசலில் மடியும். மனித உயிரணுவுடன் இணைந்து அந்நொதியைப் பெற்றது மட்டும் பிழைக்கும்.

இவ்வாறு பிழைத்த கலப்பு உயிரணுக்களில் மற்ற மனிதக் குரோமோசோம்கள் எவை போயினும், ஒன்று மட்டும் தவறாமல் நின்றது. ஒளிரும் சாயத்தால் குரோமோசோம்களில் பட்டைகளைத் தோற்றுவித்து ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் முறை 1970-ஐ ஒட்டி வந்தது. அதன் துணையால், நிலைத்து நின்றது 17-ஆம் குரோமோசோம் என 1971-இல் உறுதியாயிற்று. இதற்கு மாற்றுச் சோதனையும் உண்டு. தைமிடின் கைனேஸ் உள்ள உயிரணுக்களை மட்டும் கொல்லும் புரோமோடிஆக்ஸியூரிடின் என்னும் பொருளைக் கரைசலில் இட்டால், 17-ஆம் குரோமோசோமை இழந்தவை மட்டுமே எஞ்சின. இரு திசையிலும் ஒரே விடை கிடைத்ததால் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

ஓர் எளிய கணக்கு

எல்லா நொதிகளுக்கும் இப்படி உயிர்பிழைக்கும் சோதனை அமைவதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் வேறொரு முறையைக் கையாண்டனர். விளக்கத்திற்காக 1 முதல் 8 வரையுள்ள எட்டுக் குரோமோசோம்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்று கலப்பு உயிரணு வழிகள் நம்மிடம் உள்ளன.

'அ' வழியில் 1, 2, 3, 4 ஆகிய மனிதக் குரோமோசோம்கள் உள்ளன.
'ஆ' வழியில் 1, 2, 5, 6 உள்ளன.
'இ' வழியில் 1, 3, 5, 7 உள்ளன.

ஒரு மனித நொதியின் பட்டை 'அ'விலும் 'இ'யிலும் தோன்றி, 'ஆ'வில் தோன்றவில்லை என்க. 'அ'வுக்கும் 'இ'க்கும் பொதுவானவை 1, 3 ஆகிய இரண்டே. 1-ஆம் குரோமோசோம் 'ஆ'விலும் இருப்பதால் அது விலக்கப்படுகிறது. எனவே நொதியின் மரபணு 3-ஆம் குரோமோசோமில் உள்ளது. எட்டுக் குரோமோசோம்களுக்கும் இவ்வாறு எட்டு வெவ்வேறு கோலங்கள் அமைவதை மாணவர்கள் தாமே எழுதிப் பார்க்கலாம். மூன்று வழிகள் 8 கோலங்களைத் தருமானால், ஐந்து வழிகள் 32 கோலங்களைத் தரும். மனிதனில் வேறுபட்ட குரோமோசோம்கள் 22-உடன் எக்ஸ், ஒய் சேர்ந்து 24 மட்டுமே. ஆகவே கொள்கையளவில் ஐந்து வழிகளே போதும். நடைமுறையில் பிழையைத் தவிர்க்க இன்னும் பல வழிகளைக் கொண்டு சரிபார்த்தனர். யேல் பல்கலைக்கழகத்தில் ரடில் குழுவினர் இம்முறையைச் செப்பமாக்கினர். 1973-இல் அப்பல்கலைக்கழகம் அமைந்த நியூ ஹேவன் நகரில், மனித மரபணு வரைபடம் பற்றிய முதல் பன்னாட்டுக் கூட்டம் நடைபெற்றது.

இம்முறையால் வெளிப்பட்ட செய்திகள் பல. லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி இரு வகை அலகுகளால் ஆனது. அவற்றுள் ஒன்றன் மரபணு 11-ஆம் குரோமோசோமிலும், மற்றதன் மரபணு 12-ஆம் குரோமோசோமிலும் உள்ளன. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் டே-சாக்ஸ் நோய்க்குக் காரணமான ஹெக்சோசமினிடேஸ்-ஏ நொதியும் அவ்வாறே. அதன் ஓர் அலகு 15-ஆம் குரோமோசோமையும், மற்றது 5-ஆம் குரோமோசோமையும் சார்ந்தவை. நொதி ஒன்றேயாயினும், எந்த அலகு கெட்டது என்பதைப் பொறுத்து நோய் வேறாகிறது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. இரு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் உள்ளன என்று இது கூறுமேயன்றி, அவற்றின் இடைத்தொலைவைக் கூறாது. உடைந்து வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்ட எக்ஸ் துண்டுகளைக் கலப்பு உயிரணுக்களில் வைத்து ஆராய்ந்தபோது இக்குறை ஓரளவு நீங்கியது. பாஸ்போகிளிசரேட் கைனேஸ், எச்.பி.ஆர்.டி, ஜி-6-பி-டி ஆகிய மூன்று நொதிகளின் மரபணுக்கள், எக்ஸின் நீண்ட கையில் நடுப்புறத்திலிருந்து நுனியை நோக்கி அதே வரிசையில் அமைந்துள்ளமை இவ்வாறு வெளிப்பட்டது.

இரு வரைபடங்களின் ஒப்புமை

சுண்டெலி வரைபடமும் மனித வரைபடமும் வளர்ந்த பின்னர் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. மனிதனின் எக்ஸில் உள்ள மேற்கூறிய மூன்று நொதி மரபணுக்களும் சுண்டெலியிலும் எக்ஸிலேயே இருந்தன. பாலூட்டிகளில் எக்ஸ் குரோமோசோமின் மரபணுத் தொகுதி மாறாது நிலைத்திருக்கும் என்று சுசுமு ஓனோ 1967-இல் கூறிய கருத்துக்கு இது வலுவூட்டியது.

ஏனைய குரோமோசோம்களிலும் ஒப்புமை காணப்பட்டது. மனிதனின் 17-ஆம் குரோமோசோமில் தைமிடின் கைனேஸும் கேலக்டோகைனேஸும் அண்டை அயலாக உள்ளன. சுண்டெலியில் இரண்டும் சேர்ந்தே 11-ஆம் குரோமோசோமில் உள்ளன. மனிதனின் 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் உள்ள ஈனோலேஸ்-1, பாஸ்போகுளுகோனேட் டிஹைட்ரோஜினேஸ், அடினைலேட் கைனேஸ்-2 ஆகியவை சுண்டெலியின் 4-ஆம் குரோமோசோமில் ஒன்றாகக் காணப்படுகின்றன.

ஆனால் எல்லா அண்டையர்களும் இப்படிச் சேர்ந்தே இருக்கவில்லை. ஹால்டேன் குழுவினர் 1915-இல் கண்ட இரு மரபணுக்களையே எடுத்துக்கொள்வோம். சுண்டெலியில் இரண்டும் 7-ஆம் குரோமோசோமில் பிணைந்துள்ளன. மனிதனிலோ, டைரோசினேஸ் மரபணு 11-ஆம் குரோமோசோமிலும், மற்றது 15-ஆம் குரோமோசோமிலும் பிரிந்து கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பொது மூதாதையிடமிருந்து இரு இனங்களும் பிரிந்த பின், குரோமோசோம்கள் பலவிடங்களில் உடைந்து வேறு வகையில் ஒட்டிக்கொண்டன என்பதே இதன் பொருள். 1984-இல் நாடோ, டெய்லர் ஆகியோர் அதுவரை கிடைத்த சில பத்து மரபணுக்களின் செய்தியைக் கொண்டே, மாறாது நிலைத்த துண்டுகளின் சராசரி நீளம் ஏறத்தாழ 8 சென்டிமார்கன் எனக் கணித்தனர். 2002-இல் சுண்டெலியின் முழு மரபுத்தொகுதி வெளியிடப்பட்டபோது, இரு இனங்களின் மரபுத்தொகுதிகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதியை இத்தகைய ஒத்த துண்டுகளாகப் பகுக்கலாம் என்று தெரிய வந்தது.

இந்த ஒப்புமையால் விளைந்த பயன் பெரிது. சுண்டெலியில் ஒரு மரபணுவின் இடம் தெரிந்தால், மனிதனில் அதனை எங்கே தேடுவது என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். மயிர் அடர்த்தியற்றுப் பிறக்கும் ஒரு சுண்டெலி வகையில், ஆர்னித்தின் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்னும் கல்லீரல் நொதி பழுதுற்றிருப்பதை 1976-இல் கண்டனர். அப்பண்பு எக்ஸைச் சார்ந்தது. இரத்தத்தில் அம்மோனியா மிகுந்து ஆண் குழந்தைகள் இறக்கும் மனித நோய்க்கும் இதே நொதியின் குறையே காரணம்; அதுவும் எக்ஸைச் சார்ந்ததே. இவ்வாறு அந்நோயை ஆராயவும் சிகிச்சைகளைச் சோதிக்கவும் ஒரு விலங்கு கிடைத்தது.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். எச்.பி.ஆர்.டி நொதி அறவே இல்லாத ஆண் குழந்தை, லெஷ்-நைஹன் என்னும் கொடிய நோயால் தன் உதடுகளையும் விரல்களையும் தானே கடித்துக்கொள்கிறது. 1987-இல் அதே நொதியற்ற சுண்டெலிகளை உருவாக்கியபோது, அவை அத்தகைய துன்பம் எதனையும் காட்டவில்லை. மரபணுவின் இடம் ஒன்றாயிருப்பதால் நோயும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளுதல் தவறாகும்.

இருப்பிடம் உணர்த்தும் கடமை

இனி, தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருவோம். ஜி-6-பி-டி மரபணு எக்ஸில் உள்ளது என்ற அறிவு நிர்வாகத்துக்கு எவ்வாறு பயன்படும்?

ஒரு கணக்குக்காக, ஒரு மக்கட்பிரிவில் 100 எக்ஸ் குரோமோசோம்களில் 8-இல் இம்மரபணு பழுதுற்றுள்ளது என்று கொள்வோம். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஆதலின், 1,000 ஆண்களில் 80 பேருக்குக் குறை இருக்கும். 1,000 பெண்களில் இரு எக்ஸிலும் பழுதுடையோர் 6 பேர் மட்டுமே. ஆனால் ஓர் எக்ஸில் மட்டும் பழுதுடைய பெண்கள் 147 பேர் இருப்பர். இதே மரபணு சாதாரணக் குரோமோசோமில் இருந்து, இரு பிரதிகளும் கெட்டால் மட்டுமே குறை வெளிப்படும் என்றிருந்தால், ஆண்களிலும் 1,000-க்கு 6 பேரே பாதிக்கப்பட்டிருப்பர். மரபணு எங்கே இருக்கிறது என்ற ஒரு செய்தி, தேவைப்படும் சோதனைகளின் கணக்கையே மாற்றிவிடுவதைக் காண்க.

அந்த 147 பெண்களின் நிலை தனிக் கவனத்துக்கு உரியது. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரு எக்ஸில் ஒன்று செயலற்றுப் போகிறது என்று மேரி லயன் அம்மையார் 1961-இல் சுண்டெலியின் மயிர் நிறத்தைக் கொண்டு விளக்கினார். மறு ஆண்டே பாய்ட்லர் குழுவினர், ஜி-6-பி-டி பழுதை ஓர் எக்ஸில் தாங்கிய பெண்களின் இரத்தத்தில் நல்ல சிவப்பணுக்களும் குறையுள்ள சிவப்பணுக்களும் கலந்திருப்பதைக் காட்டினர். இக்கலப்பின் விகிதம் பெண்ணுக்குப் பெண் மாறுபடும். ஒளிரும் புள்ளிச் சோதனை போன்ற எளிய சோதனைகள், நொதியின் செயல் வழக்கமான அளவில் 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அதனைக் குறை என்று காட்டுகின்றன. ஆகவே இடைநிலையில் உள்ள பெண் 'குறையற்றவர்' என்ற சான்று பெறக்கூடும். பிரைமாகுயின் சிகிச்சையில், தீங்கின் அறிகுறி தென்பட்டவுடன் மருந்தை நிறுத்திவிடலாம். ஆனால் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாஃபெனோகுயின் என்னும் மருந்து ஒரே வேளையில் கொடுக்கப்படுவது. நெடுநாள் உடலில் தங்குவது. கொடுத்தபின் திரும்பப் பெற இயலாதது. எனவே இதற்கு நொதியின் செயல் 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதா என அளந்தறியும் சோதனை இன்றியமையாதது.

2030-ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிப்பது என்பது நம் நாடு மேற்கொண்டுள்ள இலக்கு. வைவாக்ஸ் காய்ச்சலின் மறுதாக்குதலைத் தடுக்காமல் இவ்விலக்கை எட்ட இயலாது. மருந்தின் தீங்குக்கு அஞ்சி மக்கள் அதனை உட்கொள்ளாது விடின் மறுதாக்குதலைத் தடுக்கவும் இயலாது. ஆகவே மருந்து செல்லும் இடமெல்லாம் சோதனையும் செல்லுதல் வேண்டும். சோதனை வசதி எட்டாத ஊர்களில், சிறுநீர் கருத்தால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு வந்து காட்டுமாறு, மருந்து வழங்கும் ஊழியர் நோயாளியின் மொழியிலேயே சொல்லிவைத்தல் வேண்டும்.

ஒரு சிறுவனுக்குக் குறை இருப்பது தெரிந்தால், அத்துடன் நின்றுவிடலாகாது. அவன் அதைத் தாயிடமிருந்து பெற்றிருத்தலே பெரும்பான்மை. ஆதலின் அவனுடைய சகோதரரும், தாயின் சகோதரரும், தாயின் சகோதரிகளுடைய மக்களும் சோதிக்கப்படுதல் நலம். தந்தைவழி உறவினரைத் தேடி அலைவதால் பயன் குறைவு. இத்தெளிவும் மரபணுவின் இருப்பிடம் அறிந்ததால் வந்ததே. இதன் காரணமாகத் தாயைக் குறைகூறும் போக்கு எழாதவாறு, இது எவருடைய குற்றமும் அன்று என்பதையும் எடுத்துரைத்தல் ஊழியரின் கடமை.

மனித மரபுத்தொகுதியின் முதல் வரைவு 2001-இல் வெளிவந்தது. எஞ்சிய இடைவெளிகளும் 2022-இல் ஏறக்குறைய முழுமையாக நிரப்பப்பட்டன. ஒரு நொதி மரபணுவின் இடத்தை அறிய இன்று கணிப்பொறித் தொகுப்பைப் பார்த்தாலே போதும். இந்தியாவிலும் ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற நிறுவனங்கள் நம் மக்களின் மரபமைப்பைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றன. கூழ்ப்பலகையும் கலப்பு உயிரணுவும் கொண்டு ஒரு மரபணுவின் இடத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த காலம் கடந்துவிட்டது. இருப்பிடம் தெரிந்த பின்னும் அவ்வறிவு நோயாளியின் கட்டிலருகே சென்று சேராமை இன்று எஞ்சியுள்ள இடைவெளி ஆகும். இதனை நிரப்புதல் ஆராய்ச்சியாளர் மட்டும் செய்து முடிக்கக்கூடிய பணியன்று. திட்டமிடுவோரும் அதனைக் களத்தில் நடத்துவோரும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பாகும்.